விண்தொலைநோக்கித் தரவில் ஆய்வு செய்வது எப்படி? கடலூர், புதுச்சேரி ஆர்வலர்களுக்கான கேள்வி பதில்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள், அறிவியல் ஆசிரியர்கள், வீட்டில் சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பிளஸ் டூ இயற்பியல் தெரிந்திருந்தால் போதும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஜேம்ஸ் வெப், கயா போன்றவற்றின் தரவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா? அனுமதி வாங்க வேண்டுமா?

எடுக்கலாம். கட்டணம் கிடையாது, பெரும்பாலான இடங்களில் கணக்குத் தொடங்கக்கூடத் தேவையில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் விண்மீன் அளவீட்டு விண்கலமான கயா, தன் மூன்றாவது தரவு வெளியீட்டை 2022 ஜூன் 13 அன்று வெளியிட்டது. ஏறத்தாழ 181 கோடி பொருள்களின் பட்டியல் அது. அதே நாளில் கேம்பிரிட்ஜுக்கும் கடலூருக்கும் ஒன்றாகவே கிடைத்தது. நாசாவின் டெஸ், அமெரிக்காவின் ஸ்லோன், டெசி ஆய்வுகளின் வெளியீடுகளும் அப்படித்தான். ஜேம்ஸ் வெப்பில் மட்டும், நேரம் கேட்டு வாங்கிய குழுவுக்கு வழக்கமாக 12 மாதம் தனியுரிமை உண்டு. அது முடிந்ததும் கோப்புகள் மாஸ்ட் ஆவணக் களத்தில் திறந்துவிடும். சில திட்டங்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை.

ஆகவே தரவு கிடைப்பது இன்று ஒரு தடையே இல்லை. அதில் எந்த வரியை நம்புவது, எதை விலக்குவது என்று தெரிவதில்தான் ஆய்வே இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான்.

என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது. போதுமா?

கயா பட்டியல், டெஸ் ஒளி வளைவு (விண்மீனின் ஒளி நேரத்தோடு எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) இரண்டுக்கும் போதும். பட்டியல்களைப் பார்க்க, வரைபடம் போட, இரண்டு பட்டியல்களை ஒட்டிப் பார்க்க டாப்கேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜாவா இருந்தால் ஓடும். பைத்தான் வேலையை கூகுள் கோலேபில் செய்தால் கணக்கெல்லாம் அவர்கள் கணினியில் நடக்கும், உங்கள் டேட்டாவும் மிச்சம். வானத்தின் எந்தப் பகுதியை எந்தத் தொலைநோக்கி எப்படிப் பார்த்தது என்று ஒப்பிட அலாதின் லைட். அது பிரவுசரிலேயே திறக்கும். வெப் படங்கள்தான் கனமானவை. ஒரு கோப்பு சில நூறு எம்பியிலிருந்து சில ஜிபி வரை போகும்.

முதலில் எதைச் செய்து பார்ப்பது?

கயா தரவில் கார்த்திகைக் கூட்டத்தை எடுங்கள். வெறும் கண்ணுக்கு ஆறு விண்மீனாகத் தெரியும் அதே அறுமீன்தான். ஜனவரி நடுவில் இரவு எட்டரை மணி வாக்கில் கடலூரில் நின்று பார்த்தால், உச்சிக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 78 டிகிரி உயரத்தில் இருக்கும். விடையை முன்பே உலகம் அறியும் என்பதால், உங்கள் வழிமுறை சரியா என்று உடனே தெரிந்துவிடும்.

கயா ஆவணக் களத்தில் தேடல் பக்கத்தைத் திறந்து, மையத்தை வல ஏற்றம் (வானத்தின் தீர்க்கரேகை) 56.75 டிகிரி, நடுவரை விலக்கம் (வானத்தின் அட்சரேகை) +24.12 டிகிரி என்று கொடுங்கள். ஆரம் 2 டிகிரி. மூன்றாம் வெளியீட்டின் மூல அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். வடிகட்டாமல் கேட்டால் பல்லாயிரம் வரிகள் கொட்டும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கார்த்திகைக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் சம்பந்தமில்லாத விண்மீன்கள். அதனால் கேட்கும்போதே மூன்று நிபந்தனை போடுங்கள்: ஜி பிரகாசம் (கயா அளந்த பிரகாச எண்; எண் சிறியதானால் ஒளி அதிகம்) 18-க்குள், பாரலாக்ஸை (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்) அதன் பிழையால் வகுத்தால் 10-க்கு மேல், ரூவே (அளவீடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டும் எண்) 1.4-க்குக் கீழ்.

வந்ததை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, டாப்கேட்டில் திறந்து, வல ஏற்றத் திசை நகர்வைக் கிடை அச்சிலும் விலக்கத் திசை நகர்வைச் செங்குத்து அச்சிலும் வரையுங்கள். பூஜ்ஜியத்தைச் சுற்றி ஒரு பெரிய மேகம் தெரியும். அதிலிருந்து விலகி, +20, −45.5 என்ற இடத்தருகே ஒரு சிறிய, அடர்ந்த திட்டு தனியாக நிற்கும். அலகு, ஆண்டுக்கு மில்லி ஆர்க்விநாடி. அந்தத் திட்டுதான் கார்த்திகை. ஒன்றாகப் பிறந்த விண்மீன்கள் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போவதால் அப்படிக் குவிகின்றன. அதைச் சுற்றி 4 மில்லி ஆர்க்விநாடி ஆரத்தில் வட்டம் போட்டு, பாரலாக்ஸ் 6.9-க்கும் 7.9 மில்லி ஆர்க்விநாடிக்கும் இடையில் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் சில நூறு விண்மீன்கள் மிஞ்சும்.

அவற்றின் சராசரி பாரலாக்ஸ் 7.37-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 1000-ஐ அதனால் வகுத்தால் 135.7 பார்செக், 3.26-ஆல் பெருக்கினால் சுமார் 442 ஒளியாண்டு. அடுத்து ஜி பிரகாசத்திலிருந்து, அந்தத் தொலைவுக்கான 5.66-ஐக் கழித்தால் உண்மைப் பிரகாசம். அதைச் செங்குத்து அச்சிலும் (தலைகீழாக, சிறிய எண் மேலே), நீலம் கழித்தல் சிவப்பு நிற எண்ணைக் கிடை அச்சிலும் போடுங்கள். மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் இறங்கும் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு 0.75 பிரகாச எண் மேலே, மங்கலாக இன்னொரு கோடு இணையாக ஓடும். இரண்டு ஒத்த விண்மீன்கள் ஒட்டி நின்று ஒன்றாகத் தெரிந்தால் ஒளி இரட்டிப்பாகும், அதன் அளவு சரியாக 0.75. இரட்டை விண்மீன்களை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நான் எத்தனை முறை கேட்டாலும் 50 வரிதான் வருகிறது.

பைத்தானிலிருந்து கயாவைக் கேட்க உதவும் அஸ்ட்ரோகுவெரி தொகுப்பின் கூம்புத் தேடலில் இயல்பு வரம்பு 50. அதை −1 என்று மாற்றினால் வரம்பு போய்விடும். நேரடியாக வினவல் எழுதி அனுப்பினாலும், உடனடி முறையில் 2000 வரியோடு வெட்டிவிடும். பெரிய கேள்விகளைக் காத்திருப்பு முறையில் அனுப்ப வேண்டும். இரண்டு இடத்திலும் பெரிய எச்சரிக்கை எதுவும் வராது. முடிவில் வரிகளின் எண்ணிக்கை 50 அல்லது 2000 என்று அச்சாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

சில விண்மீன்களுக்குப் பாரலாக்ஸ் எதிர்மறையாக வருகிறதே? தரவு கெட்டுப்போயிருக்கிறதா?

இல்லை. மிகத் தொலைவில் உள்ள விண்மீனின் உண்மையான பாரலாக்ஸ் 0.05 என்று வைத்துக்கொள்வோம். அளவீட்டுப் பிழை 0.5. அப்படியானால் அளந்த எண் பூஜ்ஜியத்தின் இரண்டு பக்கமும் விழும். ஜி பிரகாசம் 15 வரை பிழை 0.02 முதல் 0.03 மில்லி ஆர்க்விநாடி; 17-ல் 0.07, 20-ல் 0.5, 21-ல் 1.3. மங்க மங்கப் பிழை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்.

எதிர்மறை வரிகளை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுச் சராசரி எடுப்பது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் மிஞ்சுபவை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தவையாக இருக்கும், தொலைவு குறைந்து வரும். பிழை பாரலாக்ஸில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் 1000-ஐ வகுக்கும் குறுக்குவழியையும் விட்டுவிடுங்கள். கூட்டமாக இருந்தால் பாரலாக்ஸை முதலில் சராசரி எடுத்து, கடைசியில் ஒரே ஒரு முறை தொலைவாக மாற்றுங்கள்.

இன்னும் மூன்று இடங்களில் சறுக்கும். கயாவின் பாரலாக்ஸ் முழுவதுமே சற்றுக் குறைவாக இருக்கிறது: மங்கலான குவேசார்களில் 0.017, பிரகாசமான விண்மீன்களில் 0.04 வரை. கார்த்திகைக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் 0.20 என்று அளந்த விண்மீன் உண்மையில் 0.24 என்றால், 5000 பார்செக் என்ற விடை 4170 ஆகச் சுருங்கும். இரண்டாவது, வல ஏற்ற நகர்வு எண்ணில் விலக்கத்தின் கொசைன் பெருக்கம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மறுபடி பெருக்கக் கூடாது. மூன்றாவது, கயா தரும் இடங்கள் 2016-ம் ஆண்டுக்கானவை. 2000-ம் ஆண்டுக்கான பழைய பட்டியலோடு ஒட்டினால் கார்த்திகை விண்மீன்கள் அதற்குள் 0.8 ஆர்க்விநாடி நகர்ந்திருக்கும். பொருத்தும் ஆரத்தை அரை விநாடி என்று வைத்தால் கூட்டம் முழுவதுமே காணாமல் போகும்.

பாடப் புத்தகங்கள் சிலவற்றில் கார்த்திகையின் தொலைவு குறைவாக இருக்கிறது. எது சரி?

அது ஹிப்பார்கோஸ் எண். கயாவுக்கு முந்தைய அந்தச் செயற்கைக்கோள் சுமார் 120 பார்செக் என்றது. மற்ற முறைகள் எல்லாம் 133-க்கு மேல் சொல்லின. கயா 135 பார்செக் அருகில் கொண்டுவந்து நிறுத்தியதால் அந்த நீண்ட வழக்கு முடிந்தது. செயற்கைக்கோள் அளந்தது என்பதாலேயே ஒரு எண் சரியாகிவிடாது என்பதற்கு வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

கயா இன்னும் இயங்குகிறதா?

2013 டிசம்பர் 19-ல் ஏவப்பட்டது. குளிர் வாயு தீர்ந்துகொண்டு வந்ததால் 2025 ஜனவரி 15-ல் அவதானிப்பை நிறுத்தினார்கள். மார்ச் 27-ல் அணைத்தார்கள். ஆனால் சேர்த்த தரவில் பெரும்பகுதி இன்னும் வெளிவரவில்லை. நான்காம் வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு விண்மீனின் தனித்தனி அளவீடுகளும் காலவரிசையில் வரும் என்பதுதான் பெரிய செய்தி. அந்தத் தரவை முன்கூட்டியே சோதித்தபோதுதான் 33 சூரிய நிறையுள்ள கருந்துளை ஒன்று, 2000 ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவில், தன் துணை விண்மீனை ஆட்டிவைப்பது தெரிந்தது. 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதே வகைத் தேடலை நீங்களும் செய்ய முடியும்.

புறக்கோள் கண்டுபிடிக்க டெஸ் தரவை எப்படிப் பயன்படுத்துவது?

டெஸ் 2018 ஏப்ரல் 18-ல் ஏவப்பட்டது. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 24 டிகிரிச் சதுரம். வானத்தின் ஒரு பட்டையை (செக்டர்) சுமார் 27 நாள் வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு அடுத்த பட்டைக்குப் போகும். கோள் தன் விண்மீனைக் கடக்கும்போது ஒளி சற்றுக் குறையும்; அந்தப் பள்ளத்தைத் தேடுகிறோம்.

பயிற்சிக்கு வாஸ்ப்-18 சரியான விண்மீன். பைத்தானில் லைட்கர்வ் தொகுப்பை நிறுவி, அந்தப் பெயரைக் கொடுத்துத் தேடி, டெஸ் தரவைப் பதப்படுத்தும் நாசாவின் ஸ்பாக் குழு தயாரித்த 120 நொடி ஒளி வளைவை இறக்குங்கள். வரைந்து பார்த்தாலே 22.6 மணி நேரத்துக்கு ஒருமுறை பள்ளம் விழுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு பட்டையில் சுமார் இருபத்தைந்து பள்ளம். நடுவில் ஒரு நாள் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். அப்போது விண்கலம் பூமிக்குத் தரவு அனுப்பிக்கொண்டிருந்தது.

அடுத்த படியில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். விண்மீனின் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்க ‘ஃபிளாட்டன்’ கட்டளை கொடுப்பார்கள். அதன் இயல்பு சாளரம் 101 புள்ளி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் 202 நிமிடம், மூன்றரை மணி நேரம்கூட இல்லை. கடப்போ இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. மென்பொருள் பள்ளத்தையே மெதுவான மாற்றம் என்று எண்ணிச் சமன் செய்துவிடும். ஆழம் குறைந்து, விளிம்புகளில் போலி மேடு முளைக்கும். சாளரத்தை 401 ஆக்குங்கள் (ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும்), முடிந்தால் கடப்பு நேரங்களை மறைத்துவிட்டுச் சமன் செய்யுங்கள்.

பிறகு பெட்டிப் பொருத்தக் காலத் தேடல், அதாவது பெட்டி வடிவப் பள்ளம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று தேடுவது. வரம்பு 0.5 முதல் 10 நாள். 0.9415 நாள் வர வேண்டும். 1.883 வந்தால் இரட்டிப்புக் காலத்தில் மாட்டிக்கொண்டீர்கள், பாதியாக்கிப் பாருங்கள். காலத்தில் மடித்தால் ஆழம் சுமார் 0.95 விழுக்காடு. அதன் வர்க்கமூலம் 0.097, அதாவது கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் 0.097 பங்கு. விண்மீன் சூரியனைப் போல 1.25 மடங்கு என்பதால் கோள் 0.12 சூரிய ஆரம். வியாழன் ஏறத்தாழ 0.1 சூரிய ஆரம். எனவே இது வியாழனைப் போல 1.2 மடங்கு.

டெஸ் தரும் நேரத்தோடு 2457000-ஐக் கூட்டினால்தான் ஜூலியன் நாள் கிடைக்கும். அது சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கான நேரம். கைக்கடிகார நேரத்தோடு சில நிமிடம் வேறுபடலாம். இந்திய நேரமாக்க அதற்கு மேல் 5 மணி 30 நிமிடம்.

புதிய பள்ளம் ஒன்று கிடைத்திருக்கிறது. கோள்தான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் எக்ஸோஃபாப் தளத்தில் அந்த விண்மீனின் டிக் எண்ணை (டெஸ் பட்டியலில் அதன் எண்) போட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை வேறு யாரோ ஏற்கெனவே குறித்து வைத்திருப்பார்கள். இல்லையென்றால் வேலை தொடங்குகிறது.

டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 ஆர்க்விநாடி. சில பிக்சல்களைச் சேர்த்து ஒளியைக் கூட்டும்போது ஒரு ஆர்க்நிமிட அகலத்தில் இருக்கும் அத்தனை விண்மீன்களின் ஒளியும் ஒன்றாகக் கலக்கிறது. உங்கள் விண்மீன் 10-ம் பிரகாசம், பக்கத்தில் 15-ம் பிரகாசத்தில் ஒரு மறைப்பு இரட்டை (ஒன்றையொன்று மறைக்கும் இரு விண்மீன்) இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து பிரகாச எண் என்றால் நூறில் ஒரு பங்கு ஒளி. அந்த மங்கலான இரட்டை முழுதாக மறைந்தால் உங்கள் வளைவில் ஒரு விழுக்காடு பள்ளம் விழும். பார்க்க அச்சு அசலாக வியாழன் அளவுக் கோள். ஆகவே கயாவில் 2 ஆர்க்நிமிட ஆரத்துக்குள் உள்ள அனைத்தையும் பட்டியலிடுங்கள். பள்ளம் விழும் நேரத்தில் ஒளியின் மையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிக்சல் கோப்பில் பாருங்கள். ஒற்றைப்படைப் பள்ளங்களையும் இரட்டைப்படைப் பள்ளங்களையும் பிரித்து ஆழத்தை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அது இரட்டை விண்மீன். அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் கூராக இருந்தாலும் அதே சந்தேகம்தான். பள்ளம் டெஸ்ஸின் சுற்றுப்பாதையின் தொடக்கத்தில் மட்டும் வந்தால், கேமராவுக்குள் சிதறிய பூமி ஒளியாக இருக்கலாம்.

இவ்வளவையும் தாண்டினாலும் அது ‘வேட்பாளர்’ மட்டுமே. நிறையை அளக்க நிறமாலை வேண்டும்.

வெப் கோப்பைத் திறந்தால் படம் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது!

கோப்பில் குறை இல்லை. மிகப் பிரகாசமான விண்மீனுக்கும் மங்கலான கேலக்ஸிக்கும் இடையே பல ஆயிரம் மடங்கு வேறுபாடு இருப்பதால் நேர்விகிதக் காட்சியில் எல்லாமே கறுப்பாகிவிடும். காட்சியை லாக் அல்லது ஏசின்ஹ் முறைக்கு மாற்றி, கீழ் மேல் வரம்புகளை 1, 99.5 விழுக்காட்டுப் புள்ளிகளில் வையுங்கள். மாஸ்டில் ‘ஐ2டி’ என்று பெயர் முடியும் மூன்றாம் நிலைக் கோப்பை எடுங்கள். அதற்கு முந்தைய நிலைகளில் காஸ்மிக் கதிர்கள் உருவாக்கும் ‘பனிப்பந்து’ வட்டங்களும் கிடைக்கோடுகளும் நீங்கியிருக்காது. விண்மீன்களைச் சுற்றியுள்ள ஆறு பெரிய கூர்முனைகள் அறுகோணக் கண்ணாடிகளால் வருபவை, அவற்றை நீக்க முயல வேண்டாம். வண்ணம் கொடுக்கும்போது நீண்ட அலைக்குச் சிவப்பு, குட்டை அலைக்கு நீலம் என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள். ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான் என்றாலும், அந்த ஒழுங்கு இருந்தால் படத்தின் நிறத்துக்குப் பொருள் இருக்கும்.

வெப் கண்ட பழங்காலக் கேலக்ஸிகளால் பெருவெடிப்புக் கொள்கை பொய்யாகிவிட்டதாமே?

பொய்யாகவில்லை. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக, எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான கேலக்ஸிகள் உருவாகியிருக்கின்றன என்பது உண்மை. 2025-ல் அறிவிக்கப்பட்ட மாம்-இசட்14 கேலக்ஸியின் செம்பெயர்ச்சி (எண் பெரியதானால் தொலைவும் பழமையும் அதிகம்) 14.44, பெருவெடிப்புக்குப் பிறகு வெறும் 28 கோடி ஆண்டில் ஒளிர்ந்தது. விண்மீன்கள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு திறனோடு பிறந்தன என்ற கணக்கைத்தான் இது திருத்தச் சொல்கிறது.

செய்தியில் பெரிய எண் வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: நிறமாலை எடுத்தார்களா, வடிப்பான் நிறங்களிலிருந்து ஊகித்தார்களா? சீர்ஸ்-93316 என்ற கேலக்ஸிக்கு நிறங்களை வைத்துச் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்றார்கள். நிறமாலை எடுத்தபோது 4.9. தூசி படிந்த கேலக்ஸியின் வலிமையான உமிழ்வுக் கோடுகள், வடிப்பான்களில் விழுந்த இடம் காரணமாக, மிகத் தொலைவில் இருப்பது போலவே காட்டிவிட்டன. ஊகித்த அதே சமூகம்தான் நிறமாலை எடுத்துத் திருத்தியது, சில மாதங்களில்.

தொலைதூரக் கேலக்ஸிகளைத் தேடி வெப் ஆராய்ந்த வானப் பகுதிகளில் ஒன்றான கூட்ஸ் தெற்கு, நம் ஊரிலிருந்தே நன்றாக மேலே வரும் இடம். ஜனவரி நடுவில் இரவு எட்டு மணிக்குத் தெற்கே 50 டிகிரி உயரத்தில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஒரு துண்டு வானம்.

கே2-18பி கோளில் உயிர் இருப்பது உறுதியா?

இல்லை. 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்தக் கோளில் மீத்தேனும் கார்பன் டைஆக்ஸைடும் இருப்பதை 2023-ல் வெப் தரவு காட்டியது. கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதையொத்த மூலக்கூறின் அறிகுறி இருப்பதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. வலிமை மூன்று சிக்மா (தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்புக் குறைவு என்ற அளவு; எண் பெரியதானால் உறுதி அதிகம்). இத்துறையில் கண்டுபிடிப்பு என்று ஏற்க ஐந்து சிக்மா எதிர்பார்க்கிறார்கள். அதே தரவை வேறு குழுக்கள் மறுஆய்வு செய்தபோது வேறு மூலக்கூறுகளாலும், ஏன் வெறும் இரைச்சலாலும்கூட விளக்க முடிந்தது. தரவு திறந்திருந்ததால்தான் இந்தச் சரிபார்ப்பு இத்தனை விரைவாக நடந்தது.

இருண்ட ஆற்றல் குறைந்துவருகிறது என்பது உண்மையா?

பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்துவதாகக் கருதப்படுவது இருண்ட ஆற்றல். அது குறைகிறது என்பதற்குக் குறிப்பு இருக்கிறது, தீர்ப்பு இல்லை. அரிசோனாவின் கிட் பீக்கில் 4 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய டெசி, 5000 கண்ணாடி இழைகளால் ஒரே நேரத்தில் 5000 பொருள்களின் நிறமாலையை எடுக்கிறது. 2025 மார்ச்சில் வந்த முடிவுகளைப் பெருவெடிப்பின் மிச்சமான பின்புலக் கதிர்வீச்சு, சூப்பர்நோவா தரவுகளோடு சேர்த்தால், இருண்ட ஆற்றல் மாறிலி அல்ல என்ற பக்கம் 2.8 முதல் 4.2 சிக்மா வரை சாய்கிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. அதுவே நிதானிக்கச் சொல்கிறது. அடுத்த சாட்சி யூக்ளிட். 2023 ஜூலை 1-ல் ஏவிய அந்தத் தொலைநோக்கி ஆறு ஆண்டில் 14,000 சதுர டிகிரி வானத்தைப் படமெடுக்கும். அதன் ஒளியியல் பாகத்தில் பனி படிந்து ஒளி குறைந்தபோது, 2024 மார்ச்சில் ஒரு கண்ணாடியை மட்டும் சற்றுச் சூடாக்கிப் பார்வையை மீட்டார்கள். 2025 மார்ச்சில் வந்த முதல் விரைவு வெளியீட்டில் 63 சதுர டிகிரியில் 2.6 கோடி கேலக்ஸிகள்.

ரூபின் தொலைநோக்கியின் தரவு நமக்குக் கிடைக்குமா?

சிலியின் செர்ரோ பச்சோன் மலையில் 8.4 மீட்டர் கண்ணாடி, 320 கோடி பிக்சல் கேமரா. 2025 ஜூன் 23-ல் முதல் படங்கள் வந்தன. சுமார் பத்து மணி நேர அவதானிப்பிலேயே 2104 புதிய சிறுகோள்கள். முழுத் தரவு உரிமை அமெரிக்கா, சிலி மற்றும் பங்களிப்புச் செய்த குழுக்களுக்கு; மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்து. ஆனால் எச்சரிக்கைச் செய்திகள், அதாவது ‘இங்கே ஏதோ மாறியிருக்கிறது’ என்ற அறிவிப்புகள், உலகம் முழுவதற்கும் உடனே. ஒரு இரவில் ஒரு கோடி வரை வரலாம் என்பதால் நேரடியாக வாங்க வேண்டாம். ஃபிங்க், லசேர், அலெர்சே ஆகிய தரகுத் தளங்கள் அவற்றை வகைபிரித்துத் தருகின்றன. இவை ஏற்கெனவே பாலோமரின் இசட்டிஎஃப் ஆய்வோடு இயங்குபவை, எனவே அந்தத் தரவில் இப்போதே பழகலாம்.

இந்தியத் தரவு?

2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி 28 ஆர்க்நிமிட அகலப் புலத்தை ஒன்றரை ஆர்க்விநாடி நுணுக்கத்தில் பார்க்கும். மேலே சொன்ன கூட்ஸ் தெற்குப் பகுதியில் 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கேலக்ஸி ஒன்றிலிருந்து கசியும் தீவிரப் புறஊதா ஒளியை அதுதான் பிடித்தது. புனே ஐயுகாவின் கனக் சாஹா குழு 2020-ல் வெளியிட்டது. ஹபிளால் முடியாததை அதைவிடச் சிறிய தொலைநோக்கி செய்தது, பின்னணி இரைச்சல் மிகக் குறைவு என்பதால்.

பள்ளி மாணவர்கள் சிறுகோள் தேடலாமா? சான்றிதழ் தருகிறார்களே?

தேடலாம், நல்ல பயிற்சி. சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பான ஐயாஸ்க், பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களை நான்கு நான்காகத் தருகிறது. விண்டோஸில் ஓடும் அஸ்ட்ரோமெட்ரிகாவில் அவற்றை மாற்றி மாற்றிக் காட்டி, நேர்கோட்டில் ஒரே வேகத்தில் நகரும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். ஒரே படத்தில் மட்டும் தோன்றுவது காஸ்மிக் கதிர். பிக்சல் இடம் மாறாமல் நிற்பது கேமராக் கோளாறு. பெற்றோர்களுக்கு ஒன்று: முதற்கட்டச் சான்றிதழ் என்பது ‘புள்ளியைக் குறித்தார்’ என்பதற்கு. சுற்றுப்பாதை உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். பங்கேற்கக் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு விண்மீனுக்குக் குழந்தையின் பெயர் வைப்பதாகச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்தப் பெயரை எந்த வானியலாளரும் பயன்படுத்துவதில்லை.

எங்கள் ஊர் வானத்தில் சொந்தமாக ஏதாவது அளக்க முடியுமா?

முடியும், மாதம் பார்த்து. அக்டோபரிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களை ஆவணத் தரவுக்கு ஒதுக்குங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சிறந்தது. புதுச்சேரி மேகம் வானியல் வரலாற்றிலேயே இடம்பெற்றது: பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல், வெள்ளிக் கடப்பைப் பார்க்க எட்டு ஆண்டு காத்திருந்து, 1769 ஜூன் 4 காலையில் இங்கே மேகத்தால் அதைத் தவறவிட்டார். காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணிதர்களிடம் கிரகணக் கணிப்பைக் கற்றுக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடற்கரையில் ஈரம்தான் பெரும் எதிரி. லென்ஸில் பனி படியும். முன்னால் நீண்ட கறுப்பு அட்டைக் குழாய் மாட்டுங்கள். முடித்ததும் ஈரத்தோடு மூடி போடாமல், வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு மூடுங்கள். உப்புக் காற்று கண்ணாடிப் பூச்சை அரிப்பதால் தேவனாம்பட்டினம் மணலைவிட ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே உள்ள மொட்டைமாடியே நல்லது.

டி கரோனே போரியாலிஸ் நல்ல இலக்கு. 1866, 1946-ல் வெடித்து 10-ம் பிரகாசத்திலிருந்து 2-க்குப் பாய்ந்த நோவா. அடுத்ததை எதிர்பார்த்து உலகெங்கும் கண்காணிக்கிறார்கள். மே, ஜூன் இரவுகளில் வடக்கே 76 டிகிரி உயரம் வரை ஏறும். வெடித்தால் டிஎஸ்எல்ஆர், 50 மிமீ லென்ஸ், முக்காலி போதும்: 5 நொடி வீதம் பத்துப் படம், ரா வடிவில், குவியத்தைச் சற்றே கலைத்து. பச்சை நிறத் தளத்தை மட்டும் பிரித்து, ஒரு டிகிரி தள்ளியுள்ள 4.1 பிரகாச எப்சிலான் விண்மீனோடு ஒப்பிடுங்கள். படத்தில் ஏதாவது பிக்சல் நிறைந்து வழிந்திருந்தால் அந்த அளவீடு பயன்படாது. இந்திய நேரத்தில் 5:30 கழித்து உலக நேரமாக்கி, மாறொளிர் விண்மீன் பதிவுகளைத் தொகுக்கும் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓவுக்கு அனுப்புங்கள். கேமராக் கடிகாரத்தை அன்றே சரிபார்த்திருக்க வேண்டும்.

கல்லூரி புராஜெக்ட் அறிக்கையில் என்னென்ன எழுத வேண்டும்?

எந்த வெளியீடு (கயா மூன்றா, இரண்டா), இறக்கிய தேதி, வினவலின் முழு வாசகம், ஒவ்வொரு வடிகட்டலுக்குப் பிறகும் மிஞ்சிய வரிகளின் எண்ணிக்கை. டெஸ் என்றால் டிக் எண், பட்டை எண், தயாரித்த குழு, சாளர அளவு. ஒவ்வொரு ஆய்வும் தன்னைக் குறிப்பிடுவதற்கான நன்றி வாசகத்தைத் தன் தளத்தில் தந்திருக்கும். அதை மாற்றாமல் போடுங்கள். ரூவே 1.4 என்ற வெட்டு இரட்டை விண்மீன்கள் பலவற்றையும் சேர்த்து நீக்கியிருக்கும் என்பதையும், பிரகாச எண் 3-ஐவிடப் பிரகாசமான விண்மீன்கள் சில கயாவிலேயே இல்லை என்பதையும் எழுதாவிட்டால், தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.